துணை என்றொரு பேக்கேஜ்

நேற்றைய பதிவு முந்நூற்று எண்பத்தெட்டாவது வரியில், ஒரு தொலைபேசி எண்ணின் பாதியிலேயே நின்றுபோயிருந்தது. அவளுக்கு வேண்டியது முந்நூற்றுத் தொண்ணூற்றோராவது வரி. மூன்றே மூன்று வரி. அதற்குள் டிஸ்க் நிரம்பித் தொலைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணி. ஆளில்லாத அலுவலகத்தின் கடைசி அறையில், சர்வருக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்தப் பாதி எண்ணையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் இல்லாத அறை அது. ஏசிக் குளிர் முழங்காலைப் பிடித்தது, சூடேறிய வயரின் வாடையும் எப்போதோ சுருட்டி வைத்த தரைவிரிப்பின் புழுக்க வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின, சர்வரின் விசிறி மூச்சு வாங்காமல் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. வெளியே வெயிலா மழையா என்றுகூடத் தெரியாது.

தனியாக வசிக்கும் வயதானவர்களைத் தினமும் மாலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் நலம் விசாரிப்பதுதான் அந்த நிறுவனத்தின் வேலை. விசாரிப்பது மனிதர்கள் அல்ல, சர்வர். பதிவுசெய்த ஒரு பெண் குரல், ‘வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? நலம் என்றால் எண் ஒன்றை அழுத்துங்கள்’ என்று கேட்கும். அழுத்தினால் பதிவில் அவர் எண்ணுக்கு எதிரே ‘1’ விழும். அழுத்தாவிட்டால் மறுநாள் காலை ஆள் போய்க் கதவைத் தட்டும். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று அவளுடைய அப்பா.

அப்பா ஆறு மணி நேரப் பஸ் பயணத்துக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தார். அம்மா போன பிறகு, என்னோடு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டாள். அவர் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியாகக் கேட்டது சண்டையில் முடிந்து, இரண்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவள் எண்ணைப் பார்த்தால் போனை எடுக்க மாட்டார். அவரிடம் சொல்லாமல் அவள்தான் இந்தப் பட்டியலில் அவரைச் சேர்த்தாள். இது மகள் வேலை பார்க்கும் இடம் என்று தெரிந்திருந்தால், ஒன்றை அழுத்துவதற்குப் பதிலாகப் போனையே உடைத்திருப்பார். தெரியாததால் தினமும் அழுத்தினார். தினமும் ராத்திரி அவள் அந்த ‘1’ஐப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். அப்பாவிடமிருந்து அவளுக்குக் கிடைப்பது அது ஒன்றுதான். நேற்று அதுவும் இல்லை.

டிஸ்க் நிரம்பப்போகிறது என்று மேனேஜரிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தாள். மூன்று முறையும் அவர் ஒரே பதிலைச் சொன்னார்.

“புது டிஸ்க் எதுக்கும்மா? வேண்டாததைத் தூக்கிப் போடு, இடம் தானா வரும். வீடு பெருக்குற மாதிரிதானே?”

பெருக்கிப் பார்த்தவர் போலப் பேசுகிறார் என்று அவள் அன்றைக்கே மனத்துக்குள் திட்டித் தீர்த்தாள். பதினோரு வருடப் பழைய சர்வர் அது. அதில் நிறுவியிருக்கும் மென்பொருள்களை, ஒவ்வொன்றையும் ஒரு பேக்கேஜ் என்பார்கள், பட்டியல் போட்டால் ஆயிரத்து அறுநூறு வரி வந்தது. எது தேவை, எது குப்பை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நேற்றைக்கு அழைப்புகளாவது போய்விட்டன, எழுதத்தான் இடமில்லை. இன்றைக்கு இரண்டு ஜி.பி. காலி இல்லாவிட்டால் ஆறு மணி அழைப்பே தொடங்காது.

முதலில் சுலபமானது. ஏற்கெனவே நிறுவி முடித்த பேக்கேஜ்களின் மூலக் கோப்புகள் ஒரு மூலையில் சும்மா கிடந்தன. ஒரே கட்டளையில் அத்தனையையும் துடைத்தாள். முந்நூறு எம்.பி. வந்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பிறகு ஒவ்வொன்றாக. பிரிண்டரே இல்லாத சர்வரில் எதற்குப் பதினான்கு பிரிண்டர் பேக்கேஜ்கள்? நீக்கு. ‘இதோடு சேர்த்து இவற்றையும் நீக்கப்போகிறேன், சம்மதமா?’ என்று திரை கேட்டது. y என்று தட்டினாள். புளூடூத், நீக்கு. y. சீட்டு விளையாட்டு ஒன்று. எந்த மகராசன் இதில் சீட்டு ஆடினானோ, நீக்கு. y. ஒலிக் கோப்புகளை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றும் பேக்கேஜ், அழைப்புக் குரல்தான் எப்போதோ தயாராகிவிட்டதே, நீக்கு. y. ஒவ்வொன்றும் மூன்று எம்.பி., ஐந்து எம்.பி. என்று கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தது. கொஞ்சம் பெரியதாக எதையாவது தொட்டால், ‘இதை எடுத்தால் அழைப்பு மென்பொருளும் போய்விடும்’ என்று பயமுறுத்தியது. சின்ன எழுத்துரு ஒன்றை எடுக்கப்போனால் பாதி சர்வரைக் கேட்டது.

மூன்று மணிக்கு மேனேஜர் கூப்பிட்டு, “முடிஞ்சுதா?” என்றார். மூன்றரைக்குக் கூப்பிட்டு, “இன்னுமா?” என்றார். நாலு மணிக்கு, வீட்டில் மகளைப் பார்த்துக்கொண்டிருந்த கணவன் கூப்பிட்டான்.

“குட்டி உன்னைத்தான் கேக்குறா. எப்ப வருவ?”

“நானே இங்க தலையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன். ஆறு மணி கால் போறதைப் பாத்துட்டுதான் வருவேன்.”

“மாமா நேத்து அழுத்துனாரா?”

“அது தெரியாமத்தானே இங்க உக்காந்திருக்கேன்!”

கத்திவிட்டு, கத்தியதற்காக வருத்தப்பட்டு, வருத்தப்பட்டதற்காக இன்னும் எரிச்சலாகிப் போனை வைத்தாள். பசித்தது. முழங்கால் மரத்துப்போயிருந்தது. மொத்தம் அறுநூறு எம்.பி.தான் தேறியிருந்தது.

அப்போதுதான் எங்கே இவ்வளவு இடம் போகிறது என்று வேறு வழியாகத் தேடினாள். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஒரு மூலையில், பெயருக்கு முன்னால் புள்ளி வைத்து மறைத்த ஒரு கோப்புறை. இருபத்திரண்டு ஜி.பி. அதற்குச் சொந்தக்காரப் பேக்கேஜ் எது என்று கேட்டாள். ‘துணை’ என்று வந்தது.

அப்படி ஒன்றை அவள் கேள்விப்பட்டதே இல்லை. நாற்பது கே.பி. அளவுள்ள குட்டிப் பேக்கேஜ். எந்தப் பேக்கேஜுக்கும் ஒரு வரியாவது விளக்கம் இருக்கும், இதற்கு அந்த இடம் வெறுமையாக இருந்தது. எட்டு வருடம் முன்பு கையால் நிறுவப்பட்டது. நிறுவியவர், அவளுக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்த தாடி அண்ணன். அவர் பெயரே எல்லோருக்கும் மறந்துவிட்டது, தாடி மட்டும் ஞாபகத்தில் இருந்தது. ஒரு நாள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வேலையை விட்டுப் போனவர். வேறு எதுவும் இந்தப் பேக்கேஜை நம்பி இல்லை. இதுவும் வேறு எதையும் நம்பி இல்லை.

கோப்புறைக்குள் ஆயிரக்கணக்கில் ஒலிப்பதிவுகள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒன்றைத் திறந்தாள்.

மணி அடிக்கிறது. யாரோ எடுக்கிறார்கள். ‘வணக்கம். நலமாக இருக்கிறீர்களா?’ என்ற வழக்கமான பெண் குரல். பீப் என்று ஒன்றை அழுத்தும் ஓசை. வழக்கமாக அங்கே இணைப்பு அறுந்துவிடும். இதில் அறுபடவில்லை. ஓர் ஆண் குரல், தாடி அண்ணனின் சளி பிடித்த குரல், மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னது: “சரி. அங்கேயே இருங்க. எங்கேயும் போக வேண்டாம். நாளைக்குக் கூப்பிடுறேன்.” அதன் பிறகு நிசப்தம். ரொம்ப நேரம். கடைசியில் ரிசீவரை வைக்கும் ‘டக்’.

இரண்டாவதைக் கேட்டாள். அதே. மூன்றாவது. அதே பீப், அதே குரல், அதே நிசப்தம். எதிர்ப்பக்கத்தில் ஒரு செருமல் இல்லை, மூச்சுக் காற்று மைக்கில் உரசும் சத்தம்கூட இல்லை. மனுஷன் யாரும் அந்தப் பக்கம் இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. சோதனை அழைப்புகள். அண்ணன் தன் குரலைப் போட்டு எதையோ சோதித்துப் பார்த்திருக்கிறார், அதை நிறுத்தாமலே போய்த் தொலைந்திருக்கிறார். அது எட்டு வருடமாகத் தனக்குத் தானே பேசிப் பதிவுசெய்து, சர்வரையே தின்று தீர்த்திருக்கிறது. அவளுக்குக் கோபத்தில் சிரிப்பே வந்துவிட்டது.

“நல்லா இருங்கண்ணே,” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கோப்புறையை அழித்தாள். பேக்கேஜை நீக்கச் சொன்னாள். சம்மதமா என்று கேட்டு முடிக்கும் முன்பே விரல் y மேல் இருந்தது.

இருபத்திரண்டு ஜி.பி. காலி. நாற்காலியில் சாய்ந்து முதுகை நீட்டினாள். மணி ஐந்து இருபத்தைந்து. மேனேஜருக்கு ‘முடிந்தது’ என்று ஒரே வார்த்தை அனுப்பினாள். கொஞ்ச நேரம் அந்த அறையே நல்ல அறையாகத் தோன்றியது.

திரையில் ஓர் எச்சரிக்கை மட்டும் மீதி இருந்தது. துணையின் அமைப்புக் கோப்பு ஒன்று பின்னால் தங்கிவிட்டது, வேண்டுமானால் கையால் அழித்துக்கொள்ளவும். பேக்கேஜை நீக்கினாலும் அமைப்புக் கோப்புகள் இப்படித் தங்குவது வழக்கம்தான். அழிக்கும் முன் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று திறந்தாள்.

முப்பத்தொரு வரி. ஒவ்வொன்றிலும் ஒரு தொலைபேசி எண், ஒரு தேதி. முதல் வரியின் தேதிக்கு எட்டு வயது. கீழே வர வர சமீபத்தியவை. கடைசி வரியின் தேதி போன மாதத்துக்கு முந்தைய மாதம்.

கடைசி வரியில் இருந்த எண் யாருடையது என்று அவள் தேடிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பள்ளிக்கூடப் படிவங்களில் பத்து வருடம் எழுதிய எண். அப்பாவின் வீட்டு எண்.

விசிறி இரைந்துகொண்டிருந்தது. அந்தத் தேதிக்குப் பிறகான பதிவுகளை ஒவ்வொரு நாளாகத் தேடினாள். தினமும் ‘1’ இருந்தது. இருக்கிறதே, அழுத்தியிருக்கிறாரே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மொபைலில் அப்பாவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. எப்போதுதான் எடுத்திருக்கிறார். அந்தக் கோப்பின் முதல் எண் யாருடையது என்று பார்த்தாள். எண்பத்தெட்டு வயதில் ஒரு பாட்டியைப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அது பதினோரு வருடம் முன்பு. இப்போது அவருக்குத் தொண்ணூற்றொன்பது. தினமும் ‘1’.

தாடி அண்ணனின் எண்ணைப் பழைய கடிதம் ஒன்றிலிருந்து தோண்டி எடுக்க ஐந்து நிமிடம் பிடித்தது. அவர் உடனே எடுத்தார். அவள் யாரென்று சொல்லி, துணை என்ற பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது.

“எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேன். அது என்னண்ணே?”

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“அண்ணே, அதுல எங்க அப்பா நம்பர் இருக்கு. அது என்ன லிஸ்ட்?”

“மூச்சு கேக்காத லைன்,” என்றார். “போனை எடுக்குறாங்க. ஒன்னை அழுத்துறாங்க. மூச்சு மட்டும் இருக்காது. அந்த மாதிரி நம்பரைத் துணையே கண்டுபிடிச்சு லிஸ்ட்ல சேத்துக்கும். முதல்ல ஒரே ஒரு பாட்டி. ஆளை அனுப்பலாம்னா ஒன்னு விழுந்திருக்கே, எதைச் சொல்லி அனுப்புறது? நானே போனேன். உள்ள பூட்டியிருந்துச்சு. ஜன்னல் வழியாப் பாத்தேன்.”

“என்ன பாத்தீங்க?”

“வேண்டாம்மா.”

பயத்தை விடக் கோபம்தான் முதலில் வந்தது. “எட்டு வருஷமா யாருகிட்டயும் சொல்லலையா? ஒரு வரி எழுதி வச்சிருக்கக் கூடாதா?”

“என்னன்னு எழுதுறது? நீ நம்பியிருப்பியா?”

“அந்த பேக்கேஜ் உங்ககிட்ட இருக்கா? உடனே அனுப்புங்க.”

“இல்லம்மா. நான் இன்ஸ்டால் பண்ணின மூலக் கோப்பு அங்கேயே இருக்குமே?”

அதைத்தான் மதியம் முதல் வேலையாகத் துடைத்திருந்தாள். பெருமையாக.

“ஆறு மணிக்குக் கால் போகாம நிறுத்திடுறேன்,” என்றாள்.

“நிறுத்தாதே!” அவர் குரல் உடைந்தது. “நாளைக்குக் கூப்பிடுறேன்னு சொல்லித்தானே உக்கார வச்சிருக்கு. ஒரு நாள் கரண்ட் போய் நின்னுச்சு. அதுல நாலு பேரு கிளம்பிட்டாங்க. அவங்க புள்ளைங்க வீட்டுக்கு. அதுக்கப்புறம்தான் நான் வேலையை விட்டேன். கால் போகட்டும். அழுத்தினதும் நீயே பேசு. இருக்கச் சொல்லு. அந்த வார்த்தையைச் சொல்லு, போதும்.”

மணி ஐந்து நாற்பத்தெட்டு.

இவருக்குப் பைத்தியம் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டது. அந்த வாக்கியத்தை மொபைலில் பேசிப் பதிந்தாள். முப்பத்தொரு எண்களுக்கும் அதைச் சேர்த்து ஒலிபரப்ப ஒரு சின்ன நிரலைத் தட்டினாள். மூன்று இடத்தில் பிழை. திருத்தினாள். மொபைலின் ஒலிக் கோப்பை இந்த சர்வர் வாசிக்காது, மாற்ற வேண்டும். மாற்றும் பேக்கேஜ் எங்கே? இரண்டரை மணிக்கு அவளே நீக்கியிருந்தாள். திரும்ப நிறுவப் பார்த்தாள். இவ்வளவு பழைய பதிப்புக்கு இனி பேக்கேஜ்கள் கிடைக்காது என்று வந்தது. வேறு வழியில் பார்த்தாள். அதற்கு வேண்டியதையும் நீக்கியிருந்தாள். மேசையை ஓங்கிக் குத்தினாள். அழுகை வந்தது. அழ நேரமில்லை.

ஐந்து ஐம்பத்தொன்பது.

ஹெட்செட் இருந்தது. ஓடும் அழைப்பில் நேரடியாக நுழைந்து பேசும் வசதியும் இருந்தது. ஒரு நேரத்தில் ஓர் இணைப்பு மட்டும்.

ஆறு மணிக்கு அழைப்புகள் கிளம்பின. திரையில் எண்கள் ஐம்பது ஐம்பதாக ஓடின. 1. 1. 1. அந்தப் பாட்டியின் எண் வந்தது. 1. இணைப்பு அறுந்தது. அவள் அதில் நுழையவில்லை. நுழைந்திருக்கலாம். அவளுக்கு ஒரே ஓர் எண்தான் வேண்டியிருந்தது, மற்ற முப்பது பேரும் யாரோ. இரண்டாவது எண் போனது. ஏழாவது. பதினைந்தாவது. அவள் காத்திருந்தாள்.

முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.

நுழைந்தாள்.

மணி ஒரே முறை அடித்தது. எடுக்கப்பட்டது. ‘வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? நலம் என்றால்...’ குரல் முடிவதற்குள்ளேயே, பீப்.

பிறகு நிசப்தம்.

அவள் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அப்பாவுக்கு இளைப்பு உண்டு. போனில் பேசினால் ஒவ்வொரு மூச்சும் விசில் அடிக்கும். சின்ன வயதில் அதைப் போலவே செய்து காட்டி அவரைச் சிரிக்கவைப்பாள். அந்த விசிலைத் தேடினாள். சுவர்க் கடிகாரம் கேட்டது. தூரத்தில் எங்கேயோ குழாய் சொட்டியது. ஓர் ஈ. இன்னொரு ஈ. நிறைய ஈக்கள்.

விசில் இல்லை.

சொல்ல வேண்டிய வாக்கியம் வாய்க்குள் தயாராக இருந்தது. அங்கேயே இருங்க. எங்கேயும் போக வேண்டாம். மூன்று நிமிடமாக அதைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள்.

“அப்பா,” என்றாள்.

அவ்வளவுதான் வந்தது. இரண்டு வருடமாகச் சொல்லாத வார்த்தை.

பீப்.

அப்புறம் இன்னொரு பீப். பிறகு விடாமல், வேகமாக, பீப் பீப் பீப் என்று. சட்டென்று நின்றது. ரிசீவரை எதன் மேலோ மெதுவாகக் கிடத்தும் சத்தம். தாங்கியில் அல்ல, மரத்தின் மேல். நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. எதிலோ ஒட்டியிருந்தது பிய்ந்து வருவதுபோல் ஒரு சத்தம். செருப்பு. இழுத்து, நிறுத்தி, இழுத்து. தாழ்ப்பாள் மேலே தூக்கப்பட்டது.

“அங்கேயே இருங்கப்பா! எங்கேயும் போகாதீங்க! நாளைக்குக் கூப்பிடுறேன், அப்பா, நாளைக்குக் கூப்பிடுறேன்!”

கதவு திறந்தது. தெருவின் சத்தம் உள்ளே வந்தது. ஒரு வண்டி போனது. யாரும் அங்கே இல்லை.

ஆறு மணி நேரப் பயணம், ஆறு மணி நேரம் இருக்கிறது என்று அவள் நினைத்தாள். பையை எடுத்தாள். சாவியைத் தேடினாள். கணவனைக் கூப்பிட்டுக் குட்டியோடு எங்கேயாவது கிளம்பச் சொல்ல வேண்டும். அவள் கூப்பிடுவதற்குள் மொபைல் அடித்தது. கணவன். வீடியோ அழைப்பு. மணி ஆறு ஏழு.

திரையில் அவன் முகம் மலர்ந்திருந்தது.

“ஏய், யாரு வந்திருக்காங்க பாரு! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீ? கதவைத் தொறந்தா நிக்குறாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.” குரலைத் தாழ்த்தினான். “ரொம்ப மெலிஞ்சுட்டாரும்மா. பேசவே மாட்டேங்குறாரு. தண்ணி குடுத்தா அப்படியே வச்சிருக்காரு. வெளிய சாக்கடை எதுவோ உடைஞ்சிருக்கு போல, வீடெல்லாம் ஒரே நாத்தம், ஜன்னலையெல்லாம் சாத்திட்டேன். இரு, காட்டுறேன்.”

“குட்டி எங்க?”

“தாத்தா மடியிலதான். எறங்க மாட்டேங்குறா.”

படம் ஆடியது. கூடத்தின் சோபா. வெள்ளையாக இருந்த ஒரு சட்டை. முகம் தெரியவில்லை, குனிந்திருந்தது. மடியில் குட்டி உட்கார்ந்து, அவருக்கு முன்னால் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கையின் நடுவில் ஒரு கட்டை விரல், நகம் இல்லாத கட்டை விரல், அழுத்தியது. எடுத்தது. அழுத்தியது.

“அம்மா, தாத்தா இதையே செய்யுறாரு,” என்றாள் குட்டி. “வலிக்குது தாத்தா.”

“குட்டியைத் தூக்குங்க!” அவள் கத்தினாள். “அவளைத் தூக்கிட்டு வெளிய ஓடுங்க!”

“என்ன? சரியாக் கேக்கல. ஏன் அழுற நீ?”

கணவனுக்குக் கேட்கவில்லை. மடியில் குழந்தையை வைத்திருந்தவருக்குக் கேட்டது. குரல் வந்த பக்கம் தலை மெதுவாக நிமிரத் தொடங்கியது. விரல் நின்றது. காத்திருந்தது.

பதிலுக்குக் காத்திருக்கிறார். அவளுக்குப் புரிந்தது. அவரை நிறுத்தி வைக்கும் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான், அது அவள் நாக்கின் மேலேயே இருந்தது. இப்போது சொன்னால் கேட்பார். அங்கேயே இருப்பார். அந்த வீட்டில், அந்தச் சோபாவில், குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எங்கேயும் போகாமல்.

சொல்லாவிட்டால்.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மொபைல் தரையில் விழுந்து, திரை மேல்பக்கமாகக் கிடந்தது. அதில் விரல் மறுபடி இறங்கியது, இந்த முறை இன்னும் ஆழமாக, குழந்தையின் கை மடங்கும் அளவுக்கு.